எட்டாம் தேதி ஜன்னல்

"க்ளோதீன், விளக்குக் கோப்பையெல்லாம் எங்க வச்சே?"

நினைவு தப்பிய கணவரின் வாயிலிருந்து ஏழு மாதமாக வராத பெயர். க்ளோதீன் கரண்டியை சூப்பிலேயே விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"என்னைத் தெரியுதா ஒனோரே?"

"தெரியாம என்ன. டிசம்பர் எட்டு. லியோன் ஊர் முழுக்க ஜன்னல்ல மாதாவுக்கு விளக்கு வச்சாச்சு, நீ சூப்பு கிண்டிக்கிட்டு நிக்கிற. ஜன்னல் கதவைத் திற."

அதுதான் முடியாது. இந்த வருடத் திருவிழாவுக்கு அவர்கள் கட்டடத்தின் முகப்பு முழுவதும் எதிரிலிருந்து பாய்ச்சும் ஒளியோவியம். ஒவ்வொரு கல்லையும் ஜன்னலையும் அளந்து வரைந்தது. நான்கு நாள் மாலையும் ஜன்னல் கதவுகள் மூடியிருக்க வேண்டும் என்று செப்டம்பரிலேயே விழாக்காரர்கள் கையெழுத்து வாங்கிப் போய்விட்டார்கள். எட்டாம் தேதியா ஒன்பதாம் தேதியா என்று இவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்து அவளும் போட்டுவிட்டாள்.

"இரு, கீழ கேட்டுட்டு வரேன்."

"நம்ம ஜன்னலைத் திறக்க எவன்கிட்ட கேக்கணும்? வீட்டையே எழுதிக் குடுத்துட்டியா?"

சதுக்கத்தில் நிற்க இடமில்லை. கூடாரத்துக்குள் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தான் பஸ்த்தியன் என்ற ஒளியமைப்பாளன்.

"எந்த ஜன்னல் மதாம்?"

"நாலாவது மாடி, இடப்பக்கம் ரெண்டாவது."

"ஐயோ, எங்க படத்துல பறவையோட கண்ணு விழுற இடம் அது."

"ஒத்தைக் கண்ணோட பறக்கட்டுமே. என் வீட்டுக்காரருக்கு இன்னைக்குத்தான் நினைவு வந்திருக்கு."

அவன் முகம் மாறியது. "என் கையில ஒண்ணும் இல்லை மதாம். எல்லாம் தானா ஓடுது. ஒரு காட்சி ஏழு நிமிஷம். இது முடிஞ்சதும் மூணு நிமிஷம் இடைவெளி வரும். அப்ப ஏத்துங்க. அடுத்த காட்சிக்கு முன்னாடி மூடிடுங்க."

"மூணு நிமிஷம் எரியறது ஒரு விளக்கா?"

"வேற வழி தெரியலையே."

மின்தூக்கி இல்லாத வீடு. எழுபத்தொன்பது வயது முழங்கால். இரண்டாவது மாடி ஏறும்போதே வெளியே கைதட்டல் எழுந்தது, காட்சியின் இசை நின்றது. மூன்றாவதில் மூச்சு வாங்க நின்றாள். சாவியைத் திருப்பும்போது இசை மறுபடி தொடங்கிவிட்டது.

ஒனோரே ஐந்து கோப்பைகளில் மெழுகுவர்த்தி வைத்து, தீப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். ஜன்னல் கதவிடுக்கு வழியாக நீல வெளிச்சம் அவர் முகத்தில் கோடு கோடாக ஓடியது.

"திற."

"ஏழு நிமிஷம் பொறு. அதுவரைக்கும் பேசிட்டிரு என்கூட."

"என்னத்தப் பேச?"

"நான் முதல்ல உங்க வீட்டுக்கு வந்த நாளைச் சொல்லு."

"மூக்கு ஒழுகிக்கிட்டு வந்தே."

"பனி அது."

"சளி."

இருவரும் சிரித்தார்கள். பிறகு அவர் சுவரில் நகரும் வெளிச்சத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அவள் தன் அம்மாவைப் பற்றிக் கேட்டாள். அவருடைய பழைய சைக்கிளைப் பற்றிக் கேட்டாள். அவர் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். தீப்பெட்டி அவர் மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

இசை நின்றது. அவள் ஓடிப்போய்க் கதவுகளைத் தள்ளினாள். தீப்பெட்டியை எடுத்து, ஐந்தையும் ஏற்றி ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தாள்.

"பாரு ஒனோரே."

"அழகா இருக்கு மதாம். யார் வச்சது?"

"நீதான்."

"அப்படியா," என்றார் மரியாதையாக. "குளிருதே. கொஞ்சம் மூடிடுறீங்களா?"

கீழே பஸ்த்தியன் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தான். அவள் ஒவ்வொரு கோப்பையாக உள்ளே எடுத்து வைத்துவிட்டுக் கதவை இழுத்து மூடினாள்.

"இருட்டிடுச்சே. உங்க வீட்டுல தேட மாட்டாங்களா?"

"தேடுவாங்க," என்றாள் க்ளோதீன்.