இடது கையுறை

இப்போதெல்லாம் ஒருத்தருக்கு ஒரு பொருளைக் கொடுக்கிறவர்கள் அதைப் படம் பிடித்து நாலு பேருக்குக் காட்டாமல் கொடுப்பதில்லை. வாங்குகிறவர்களும் வெட்கமில்லாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அப்படிப்பட்ட காலத்தில்தான், விசேஷம் ஒன்றுமில்லாத ஒரு பனிக்காலச் செவ்வாய்க்கிழமை, எங்கள் தெருவில் பதினோரு வீட்டுப் படிகளிலும் அட்டைப் பெட்டிகள் முளைத்திருந்தன. யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை. சிமெண்டைப் பிளந்துகொண்டு காளான் மாதிரி வந்திருந்தன. பிடுங்கினால் அடியில் ஈரமாக வேர் இருந்தது. தெருவில் எங்களை எப்படிக் கூப்பிடுவார்களோ அந்தப் பேரே மேலே எழுதியிருந்தது. என் பெட்டியில் ‘முசுடு’. உள்ளே ஒரு கைத்தடி. என் முழங்கால் அப்படியொன்றும் கெட்டுப்போகவில்லை. மூலையில் போட்டேன்.

அடுத்த வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண் அச்சகத்தில் காகிதம் வெட்டுகிறவள். புருஷன் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். அவள் கை ஓடினால்தான் வீட்டில் மூன்று வயிறு நிறையும். வேலைக்குக் கிளம்பும்போது என் வாசலில் நின்று பெட்டியைப் பிரித்தாள்.

“பெரியப்பா, இந்தக் கூத்தைப் பாருங்க. ஒத்தைக் கையுறை! அனுப்பினவரு அரைகுறை போல.”

“குப்பையில போடும்மா. எவனோ விளையாடுறான்.”

“இந்தக் குளிருக்கு ஒரு கையாவது பிழைக்கட்டுமே,” என்று இடது கையில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சிவப்புக் கம்பளி. கட்டைவிரலில் மட்டும் தோல் வைத்துத் தைத்திருந்தது. அச்சகத்தில் காகிதம் வெட்டுகிற மிஷினில் அவள் பட்டன் அழுத்துகிற விரல் அது. அந்த இடத்தில் காய்ப்பு காய்த்திருக்கும் என்பது தெருவில் வேறு யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அதே மிஷினில் இருபத்தெட்டு வருஷம் நின்றவன் நான்.

ஒன்பது மணிக்கு முடிதிருத்துகிறவர் கடையில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. அவருக்கு வந்திருந்தது ஒரு வாளி. ஒன்பதரைக்கு ரிட்டயர்டு டீச்சர் தன் மூக்குக்கண்ணாடி மேலேயே உட்கார்ந்தார்; அவர் பெட்டியில் புதுக் கண்ணாடி, பவர்கூடச் சரி. எதிர்வீட்டு அண்ணன் தம்பிக்கு இரண்டு கெட்டில் வந்திருந்தது; பத்து மணிக்குள் சண்டை போட்டு அடுப்படியைப் பிரித்துக்கொண்டார்கள். பொழுது சாய்வதற்குள் எது வேண்டியிருக்குமோ அதுதான் பெட்டிக்குள் இருக்கிறது என்று தெருவே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு ஒரு கைக்குத்தானே உறை வந்திருக்கிறது? அப்படியென்றால் பொழுது சாயும்போது மற்ற கை?

அந்த மிஷினுக்கு இரண்டு பட்டன். இரண்டு கையாலும் சேர்ந்தாற்போல் அழுத்தினால்தான் கத்தி இறங்கும். கை கத்திக்கு அடியில் போகக் கூடாதென்று வைத்த ஏற்பாடு. வலது பட்டனில் ஒரு மரத்துண்டைச் செருகிவிட்டால் அது அழுந்தியே கிடக்கும், இடது கை ஒன்றே போதும், வலது கை சும்மா இராமல் காகிதம் தள்ளும். வேலை இரட்டிப்பாக ஓடும். அந்தத் துண்டைச் செதுக்கி முதன்முதலில் செருகினவன் நான்தான். அன்றைக்கு மேனேஜர் என் தோளைத் தட்டினார். நான் வேலையை விட்டு வந்த பிறகும் துண்டு அங்கேதான் இருந்தது.

தடியை எடுத்தேன். ஒன்பது வருஷமாகப் போகாத வழி. பனியில் அச்சகத்துக்குப் போகிற பாலமே தெரியவில்லை. கத்தி இறங்குகிற சத்தம் மட்டும் தெருமுனையிலேயே கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் நின்றேன், அலறல் வருகிறதா என்று. வரவில்லை. நடந்தேன்.

வாசலில் ஃபோர்மேன் மறித்தான். “யோவ் பெருசு, பென்ஷன் ஆபீஸ் அந்தப் பக்கம்.”

“தள்ளுடா,” என்று அவனை ஒதுக்கிவிட்டு உள்ளே போனேன்.

அவள் குனிந்து, கத்திக்கு அடியில் வலது கையை விட்டுக் காகிதக் கட்டைச் சரிபண்ணிக்கொண்டிருந்தாள். சிவப்புக் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் பட்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது. கூப்பிட்டால் திடுக்கிட்டு அழுத்திவிடுவாள். தடியை நீட்டினேன், நுனி மரத்துண்டுக்கு அளவெடுத்த மாதிரி பொருந்தியது. ஒரே தட்டு. துண்டு எகிறிப் போனது. அவள் விரல் பட்டனை அழுத்தியது. கத்தி அசையவில்லை.

“வேலை போச்சே!” என்று ஃபோர்மேன் கத்தினான். அவள் கையை மெதுவாக வெளியே எடுத்து, புதிதாய்ப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். அதற்குள் துண்டைப் பொறுக்கி என் பையில் போட்டிருந்தேன். அவன் கேட்டும் கொடுக்கவில்லை.

சாயங்காலம் அவள் படியில் இன்னொரு பெட்டி முளைத்திருந்தது. உள்ளே வலது கையுறை. அதிலும் கட்டைவிரலுக்குத் தோல் வைத்திருந்தது. இனி அந்த விரலும் பட்டன் அழுத்த வேண்டுமல்லவா.

ஆறு வருஷமாகிவிட்டது. பனிக்காலம் வந்தால் தெருக்காரர்கள் படியில் பெட்டி முளைத்த வெடிப்பை மட்டும் விட்டுவிட்டுக் கழுவுகிறார்கள். அவளுக்கு இரண்டு கட்டைவிரலிலும் காய்ப்பு.

வலது கையுறை வந்த அன்றைக்கு அவள் கேட்டாள், “இப்பவாவது நம்புறீங்களா பெரியப்பா?”

“தபால்காரன் ரெண்டு தவணையா கொடுத்திருக்கான். இதுல நம்புறதுக்கு என்ன இருக்கு?” என்றேன். தடியை அவள் படியிலேயே சாய்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு நடந்தேன்.