பதினைந்தாவது ஆட்டம்

ஹாபோ எண்ணினான். ஆறு பேர். மறுபடியும் எண்ணினான். வந்த அணியின் வேனுக்குள் எட்டிப் பார்த்தான். பந்துப் பைதான் இருந்தது.

"ஏழாவது ஆள் எங்க?"

"யெல்டோவா? நேத்து அவன் அக்கா கல்யாணம். போனை எடுக்க மாட்டேங்கிறான்," என்றான் அவர்களின் கேப்டன். "எடுத்தாலும் அவனால நிக்க முடியாது, ரெஃப்ரி."

ஒரு அணியில் ஏழு பேராவது இல்லாமல் ஆட்டம் தொடங்காது. தொடங்காத ஆட்டம் நடுவரின் கணக்கில் சேராது.

ஒவ்வொரு கிளப்பும் கால்பந்துச் சங்கத்துக்கு நடுவர் தர வேண்டும். வெஸ்டர்ஹாம் கிளப்புக்கு இருந்தது ஹாபோ ஒருவன்தான். சீசனில் பதினைந்து ஆட்டம் ஊதினால்தான் அவனை நடுவராகவே எண்ணுவார்கள். இல்லாவிட்டால் கிளப்பின் முதல் அணிக்கு மூன்று புள்ளி வெட்டு. அந்த அணி போன ஞாயிறு கடைசி ஆட்டத்தைச் சேற்றில் புரண்டு ஜெயித்து, இரண்டே புள்ளி வித்தியாசத்தில் கீழ் லீக்குக்கு இறங்காமல் தப்பியிருந்தது. ஹாபோ ஊதியது பதினான்கு. இன்றோடு சீசன் முடிகிறது.

அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை தனக்கு வந்த ஒன்பது ஆட்டங்களை அவன் திருப்பிக் கொடுத்திருந்தான். அப்போது இம்கே மருத்துவமனையில் இருந்தாள். "ஆட்டம் கிடக்குது, நீ உன் பொண்டாட்டிகூட இருப்பா," என்று சொன்னவர் கிளப் தலைவர் ஃபோக்கோதான். அவளைப் புதைத்த பிறகு, சிறுவர் ஆட்டம், கிழவர் ஆட்டம் என்று கிடைத்ததையெல்லாம் ஊதினான். வீட்டில் இருப்பதைவிட அது சுலபம்.

ஃபோக்கோ தேநீர் ஃபிளாஸ்கோடு வேலியோரம் நின்றிருந்தார். அவனைக் கூப்பிட்டார்.

"வேன் ஓட்டிட்டு வந்தவர் கேப்டனோட மாமனாராம். யெல்டோ சட்டைய அவருக்கு மாட்டிவிடு. நீ ஊதினதும் கால் பிடிச்சிக்கிச்சுன்னு வெளிய போகட்டும்."

"தலைவரே..."

"ஒரு நிமிஷந்தான்ப்பா."

மாமனார் ஏற்கெனவே சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். அது தொப்புளோடு நின்றுவிட்டது. ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு முகத்தையும் போனில் உள்ள படத்தோடு நடுவர் ஒப்பிட வேண்டும். ஹாபோ ஒப்பிட்டான். படத்தில் இருந்த யெல்டோவுக்கு இருபத்திரண்டு வயது. காதில் வளையம்.

"ராத்திரி சரியாத் தூங்கலப்பா, அதான் இப்படி இருக்கேன்," என்றார் மாமனார்.

யாரோ சிரித்தார்கள். ஹாபோவுக்கும் யெல்டோ என்றே எழுதிவிடலாம் என்றுதான் இருந்தது. நிமிர்ந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் ஸூடர்ஹோர்ன் கிளப்பின் செயலாளர் நின்றிருந்தார். வெஸ்டர்ஹாமுக்கு அடுத்த இடத்தில், இரண்டு புள்ளி கீழே இருப்பது அவர் கிளப்தான்.

"எனக்கும் எண்ணத் தெரியும், ஹாபோ," என்றார் அவர். "இம்கே விஷயம் கேட்டப்போ ரொம்ப வருத்தமா இருந்துச்சு. ஆனா எண்ணத் தெரியும்."

காத்திருக்க வேண்டிய நேரம் முழுக்கக் காத்திருந்தான். யெல்டோ வரவில்லை. போனில் 'ஆறு பேர்' என்று எழுதினான். 'ஆட்டம் நடக்கவில்லை' என்பதையும் அவன்தான் எழுத வேண்டியிருந்தது. அனுப்பினான். செயலாளர் தொப்பியைத் தொட்டுவிட்டுக் கிளம்பினார்.

"உன் தப்பில்ல," என்றார் ஃபோக்கோ. அதற்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம்.

கேப்டன் வந்தான். "வந்தது வந்துட்டோம். ரெண்டு பக்கமும் ஆளைக் கலந்து ஆடப் போறோம். ஊதுறியா ரெஃப்ரி?"

"கணக்குல வராது."

"நாங்க ஆடுறதெல்லாம் எந்தக் கணக்குல வந்திருக்கு?"

ஹாபோ ஊதினான். ஓடினான். மாமனாருக்கு ஆஃப்சைடு கொடுத்தான்.

"கண்ணாடிய வீட்லயே வச்சிட்டியா, குருட்டு ரெஃப்ரி!" என்று அவர் கத்தினார். மஞ்சள் அட்டையை எடுத்து அவருக்குக் காட்டினான். அவர் சட்டையில் எண் இருந்தது. அதையும் குறித்துக்கொண்டான்.

ஃபோக்கோ ஃபிளாஸ்க் மூடியில் அவனுக்கென்று தேநீர் ஊற்றி வேலிக்கம்பத்தின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். இடைவேளையில் அது ஆறிக் கிடந்தது. அவன் குடிக்கவில்லை.

தொண்ணூறு நிமிடமும் முடிந்தது. எல்லோரும் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கியபடி அவனைப் பார்த்தார்கள். ஹாபோ கடிகாரத்தைப் பார்த்தான். யாரும் கேட்காமலே நான்கு நிமிடம் கூடுதலாகக் கொடுத்தான்.