கீரை இல்லாத சாப்பாடு

எங்கள் வீட்டில் இரண்டு வருடமாகக் கீரை சமைக்கவில்லை. என் மனுசன் ராகுலனுக்கு இதயத்தில் உலோக வால்வு; இரத்தம் உறையாமலிருக்க வாபரின் குளிசை. கீரையிலுள்ள வைட்டமின் கே அந்தக் குளிசையின் வேலையைக் கெடுக்கும், குறையுங்கள் என்று டொக்டர் சொன்னார். நான் முருங்கை, வல்லாரை எல்லாவற்றையும் அடியோடு நிறுத்தினேன். சொதிக்குக் கறிவேப்பிலைகூடப் போடவில்லை. அவ்வளவு கெட்டிக்காரி நான்!

வேலையிடத்தில் அன்ரனெற்தான் போனில் ஒரு கட்டுரையைக் காட்டினாள். கொரியர்கள் புளிக்க வைத்துச் சாப்பிடும் சோயா அவரையில் ஐசோஃபிளேவோன் என்றொரு சத்து உண்டாம், இதயத்துக்கு நல்லதாம். அன்றைக்கே வெக்ஸ்போர்ட்டில் எங்கள் கட்டடத்துக்குக் கிட்டவுள்ள கொரியன் கடைக்கு ஓடினேன். சொங்குக்ஜாங் என்று எடுத்துத் தந்தார்கள். கரண்டியால் அள்ள நூல் நூலாக இழுபட்டது.

"என்னப்பா உது, செத்த எலி மாதிரி நாறுது!" என்றார் ராகுலன்.

"உது மருந்து. மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்குங்கோ."

"உனக்கு விசர்" என்றார். ஆனாலும் தின்றார். ஆறு வாரம், ஒருநாள் தவறாமல் தின்றார்.

இரத்தப் பரிசோதனையில், குளிசை எவ்வளவு வேலை செய்கிறதென்று காட்டும் இலக்கம் இறங்கியது. கிளினிக்கிலிருந்து நேர்ஸ் கஜனி போன் எடுத்தாள்.

"அன்ரி, சாப்பாட்டில ஏதும் மாத்தினனீங்களோ? கீரை, கோவா மாதிரி இலைவகை?"

"ஐயோ பிள்ளை, ஒரு இலைகூட வீட்டுக்குள்ள வாறேல்லை" என்றேன், பெருமையாக.

அவள் குளிசையைக் கூட்டினாள். நான் சோயாவைக் கூட்டினேன்.

அடுத்த செவ்வாய் காலை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவருக்கு வாய் ஒரு பக்கம் கோணிப்போயிற்று. மூளையில் இரத்தக்கட்டி. ஆஸ்பத்திரியில் மருந்தாளர் அவர் சாப்பிட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். சொங்குக்ஜாங் என்றதும் எழுதுவதை நிறுத்தினார். சோயா அவரை அப்படிப் புளிக்கும்போது வைட்டமின் கே நிறைய உண்டாகுமாம்.

"அது பச்சையில்லையே!" என்று கத்தினேன். "மண்ணிறம்! வெறும் மண்ணிறம்!"

அவருக்கு இப்போது பேச்சில்லை, வலது கையும் வழங்காது. பார்க்க வருகிறவர்கள், "சாம்பவி மாதிரி ஆர் புருசனைப் பாப்பினம்" என்கிறார்கள். எனக்குச் செத்துவிடலாம் போலிருக்கும். நான்தான் உங்களை இப்படிக் கிடத்தினேன் என்று அவரிடம் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். விளங்கியதோ தெரியாது.

நான் கரண்டியைக் கிட்டக் கொண்டுபோனால், அதில் என்ன இருக்கிறதென்று பாராமலே வாயைத் திறக்கிறார்.