வேலியோரத்துப் புள்ளிகள்

மாரிஸ் கெட்ஜ் பொய்யர் இல்லை. நார்ஃபோக்கில் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஒரு நிறுத்தத்தைக்கூட ஏமாற்றியதில்லை. ஆனால் கையில் மெட்டல் டிடெக்டரைக் கொடுத்து, காதில் ஹெட்போனை மாட்டி, உழுத வயலில் இறக்கிவிட்டால் எந்த யோக்கியனும் கொஞ்சம் களவாணி ஆகிவிடுவான். அதிலும் பக்கத்தில் ட்ரெவர் பன் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

மார்ல்பி ஊரின் புதையல் தேடும் சங்கத்தில் பன்னிரண்டு பேர். பொத்தானும் டிராக்டர் ஆணியும் கிடைத்தால் யாரும் ஜிபிஎஸ்ஸை வெளியே எடுப்பதில்லை. நல்லது கிடைத்தால்தான், அருங்காட்சியகத்துக்குச் சொல்ல இடத்தைக் குறிக்க அது வெளியே வரும். ஆகவே ஒருவன் அதைக் கையில் எடுத்துக் கண்ணைச் சுருக்கினால் போதும், மற்ற பதினோரு தலையும் நிமிரும். முதலில் வந்து சேருவது ட்ரெவர்.

"என்னடா மாரிஸ், சிக்னல் வரலையா?" என்பான். வாய் அதைக் கேட்கும்போதே அவன் டிடெக்டர் மாரிஸின் பூட்ஸைச் சுற்றி மேய ஆரம்பித்துவிடும். ஒருமுறை மாரிஸ் ஒரு வெள்ளிக் காசைக் குறித்து முடிப்பதற்குள், அதன் அண்ணன் தம்பி நாலு பேரையும் ட்ரெவர் தோண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

அதற்கப்புறம்தான் மாரிஸ் வழி கண்டுபிடித்தார். கிடைத்ததைச் சத்தமில்லாமல் பையில் போடுவார். சீட்டியடித்தபடி வயலின் வடகிழக்கு மூலைக்கு நடப்பார். வேலியைப் பார்த்து, ஆண்கள் நிற்கிறபடி நிற்பார். இடது கை வழக்கமான வேலையைப் பார்க்க, வலது கை கோட்டுக்குள் ஜிபிஎஸ் பொத்தானை அமுக்கும். வேலியைப் பார்த்து நிற்கிற ஆம்பிளையை இங்கிலாந்தில் யாரும் நெருங்குவதில்லை. அறுபத்தெட்டு வயதில், ஒரு ஃபிளாஸ்க் டீ உள்ளே போனபிறகு, அது முழுக்க நடிப்பும் இல்லை.

சரியான இடத்தை வீட்டுக்குப் போய்த் திருத்திக்கொள்ளலாம் என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைத்தார். மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

வயல்காரி லார்ட்டரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்: "எது எடுத்தாலும் எங்க எடுத்தீங்கன்னு உண்மையைச் சொல்லணும். ஒரு பொய், அன்னிக்கே கேட்டைச் சாத்திடுவேன்." அந்தக் கேட்டைச் சாத்தினால் மாரிஸின் ஞாயிற்றுக்கிழமைகள் மச்சினியோடு செடிக்கடையில்தான் கழியும். போதாததற்கு, போன செப்டம்பரில் அதே வயலில்தான் அவருக்கு நகமளவு, சாக்சன் காலத்துத் தங்கப் பதக்கம் கிடைத்திருந்தது. அதன் ஜோடி இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது என்று அவர் மனசு அடித்துச் சொன்னது.

ஜனவரியில் ஒரு ஞாயிறு மதியம், ஊர்க் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். லார்ட்டரம்மா தன் கையால் செய்த ஜின்னைச் சின்னக் கிளாஸ்களில் ஊற்றிக் கொடுத்தார். வேலி முட்செடியின் கருநீலப் பழத்தை ஊறப்போட்டுச் செய்வது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சங்கத்தில் ஆளுக்கு ஒரு பாட்டில். அந்த அம்மாள் மெதடிஸ்ட் சபைக்காரி, தான் ஒரு சொட்டும் தொடமாட்டார்.

"வருஷத்துக்கு வருஷம் ருசி கூடிக்கிட்டே போகுதும்மா!" என்று ட்ரெவர் நாக்கைச் சப்புக்கொட்டினான்.

அருங்காட்சியகத்திலிருந்து வந்த இமொஜன் என்ற பெண் திரையில் வயலின் வரைபடத்தைப் போட்டாள். ஆங்காங்கே ஓரிரு சிவப்புப் புள்ளிகள். வடகிழக்கு மூலையில் மட்டும் அம்மை வார்த்ததுபோல ஒரே குவியல்.

"அறுபத்தொரு பொருள், பத்து மீட்டருக்குள்ள!" அவள் திரையைத் தட்டிக் காட்டினாள். "ரோமானியக் காசு, சாக்சன் தங்கம், டியூடர் கொக்கி, எல்லாம் ஒரே இடத்துல. ஆயிரத்தைந்நூறு வருஷமா ஜனங்க திரும்பத் திரும்ப அங்க வந்திருக்காங்க. கோயிலா இருக்கும்னு நினைக்கிறோம்."

மாரிஸ் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அவர் குறித்தது இருபத்துமூன்றுதான். மீதி எங்கிருந்து வந்தது? ஒரு நிமிஷம், நிஜமாகவே அங்கே கோயில் இருந்திருக்குமோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"நாளைக்கு எட்டு மாணவர்கள் தோண்ட வர்றாங்க," என்றாள் இமொஜன். "மண்ணு களியா வண்டலான்னு தெரியணும்னா, ஒரு துளி எடுத்துப் பல்லுல கடிச்சுப் பார்ப்போம். அதுதான் எங்க பழைய வழி."

மாரிஸ் எழுந்துவிட்டார். அவருக்கும் பேரப்பிள்ளைகள் உண்டு.

"கடிக்க வேணாம்மா," என்றார்.

"ஏன் மிஸ்டர் கெட்ஜ்?"

சொன்னார். சீட்டி, வேலி, இடது கை, வலது கை, எதையும் விடாமல் சொன்னார். மூன்று வருஷப் பொய் வாயை விட்டு இறங்கியதும் நெஞ்சு லேசாகிவிட்டது; காது மட்டும் பற்றி எரிந்தது.

ட்ரெவர் மெதுவாகக் கையைத் தூக்கினான். "நான்... பதினாலு."

"அடப்பாவி, நீயுமா?"

"ஜிபிஎஸ்ஸை எடுத்தா நீ வந்து மூக்கை நுழைப்பியே! அதான்."

பின்வரிசையில் ஒரு கை. அப்புறம் இன்னொன்று. பன்னிரண்டு பேரும் அதே மூலை, அதே கோட்டு, அதே பொத்தான். ஒருத்தன் வேலியோரம் நின்றால் மற்றவர்கள் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டதால், மற்றவர் செய்தது யாருக்கும் தெரியவில்லை.

இமொஜன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப அந்தத் தங்கப் பதக்கம்?"

மாரிஸ் ட்ரெவரைப் பார்த்தார். அவன் முன்னால் இதைச் சொல்வது குடலை உருவிக் கொடுப்பது மாதிரி இருந்தது. "தண்ணித் தொட்டியிலேர்ந்து தெற்கே நாற்பது அடி வச்சா, கல்லு ஒண்ணு துருத்திக்கிட்டு இருக்கும். அங்க."

ட்ரெவர் சட்டைப்பையில் பேனாவைத் தேடினான்.

"வடகிழக்கு மூலைன்னா," என்றார் லார்ட்டரம்மா, "என் முள்ளுப்பழச் செடி இருக்கிற இடமாச்சே?"

பன்னிரண்டு தலையும் மெல்ல ஆடின.

"வேலி முழுக்க அதே செடிதான். மூணு வருஷமா அந்த மூலை மட்டும் எப்படி இப்படிக் காய்க்குதுன்னு எனக்கு ஆச்சரியம். மொத்தப் பழமும் அங்கதான் பறிச்சேன்."

பன்னிரண்டு பேரும் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தார்கள். ட்ரெவர் தன்னுடையதை மெல்ல மேசைமேல் வைத்தான்.

"எடு," என்றார் லார்ட்டரம்மா. "பொய் சொன்னா கேட்டைச் சாத்துவேன்னு சொல்லியிருந்தேன். கடைசியில உண்மையையும் சொல்லிட்டீங்க. அதனால, குடிக்கிறவனுக்கு கேட் திறந்திருக்கும். மத்தவன் வீட்டுக்குப் போகலாம்."

"முழுசாவா?" ட்ரெவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"பதினாலு தடவைக்கு முழுசாத்தான்."

மாரிஸ் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தார். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. அப்பாடா, வயல் தப்பியது என்று கிளாஸைக் கீழே வைக்கப் போனார்.

பாட்டிலோடு லார்ட்டரம்மா எதிரில் நின்றார். "இருபத்திமூணுக்கு ஒண்ணு எப்படிப் பத்தும்? நீட்டுங்க கிளாஸை."