குழல் வரும்வரை

பொங்கலுக்கு வந்த சிவசக்தி தன் போனில் அப்பாவுக்கு ஒரு பொம்மைப்படம் காட்டினாள். கூட்டம் பறந்துபோக, குளத்தில் தனியே நின்றுவிட்ட வாத்துக்குஞ்சின் கதை. காட்டெருமை எதிரே வந்தாலும் அசராத வேடியப்பன், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவள் சிரித்தபடி, தாய் வாத்து தேடி வரும்போது ஒலிக்கும் பாட்டைத் தன் நம்பருக்கு மட்டும் ரிங்டோனாக அவர் போனில் வைத்துவிட்டு, திருப்பூர் பனியன் கம்பெனிக்குத் திரும்பினாள்.

அதிலிருந்து அவள் கூப்பிட்டால் அவர் உடனே எடுப்பதில்லை. நடுவில் புல்லாங்குழல் வரும்வரை கண்ணை மூடிக் கேட்பார்.

"ஏனுங்கப்பா, சட்டுனு எடுக்க மாட்டீங்களா?"

"பாட்டு நொம்ப நல்லாருக்குது கண்ணு."

ஒருநாள் தலைச்சோலை எஸ்டேட்டில் அவர் ஏணியில் நின்று மிளகு பறிக்கையில், வேலை நேரத்தில் ஒருநாளும் கூப்பிடாதவள் கூப்பிட்டாள். பழக்கம் விடுமா? கேட்டுக்கொண்டே நின்றார். குழல் வருமுன்பே பாட்டு அறுந்தது. திருப்பிக் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப். மறுபடியும் சுவிட்ச் ஆஃப். பாழாய்ப்போன பாட்டு!

பொழுது சாயும்போது போன் அடித்தது. பாட்டு இல்லை, வெறும் மணி. தெரியாத நம்பர்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.