பதில் விசில்

திருப்பத்தில் நின்று ரெத்னோ விசில் ஊதினாள். கீழே பைன் மரங்களுக்குள்ளிருந்து தனாங்கின் பதில் விசில் வந்தது. ஆனால் தாமதமாக வந்தது. அதுவும் அரைகுறையாக. சிரித்துக்கொண்டே ஊதினால் காற்று பாதியில் உடைந்துபோகுமே, அப்படி.

தையல் ஆலை ஆட்கள் ஆண்டோங் மலை ஏறும்போதெல்லாம் இதுதான் ஏற்பாடு. முன்னால் வழிகாட்ட ஒருவர், கடைசியில் ஒருவர். எவ்வளவு மெதுவாக வருகிறவரையும் கடைசி ஆள் தாண்டிப் போகக் கூடாது. பை கனத்தால் வாங்கிச் சுமக்க வேண்டும். முன்னால் போகிறவர் ஊதினால், எல்லோரும் சுகம் என்று கடைசி ஆள் பதிலுக்கு ஊத வேண்டும். நாலு பேர் மெச்சட்டும் என்று இந்த வருஷம் வழிகாட்டியாகப் பேர் கொடுத்தது ரெத்னோதான். கடைசி ஆள் தனாங். அவனுக்கு முன்னால், பேக்கிங் பிரிவுக்குப் புதிதாக வந்த லிந்தாங், பாறை கண்ட இடமெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து வருகிறாள்.

ரெத்னோவுக்கு வயிறு எரிந்தது. சும்மா ஒன்றும் எரியவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மலையில் மூச்சு வாங்கி உட்கார்ந்தவள் அவள். அவள் பையை வாங்கிக்கொண்டு, "மெதுவா வா, மலை எங்கயும் ஓடிப்போயிடாது" என்று பின்னாலேயே வந்தவன் தனாங். உச்சிக்குப் போய்ச் சேருவதற்குள் காதல் வந்தாயிற்று. வரப்போகிற நோன்புப் பெருநாள் கழிந்ததும் கல்யாணம். கடைசி ஆளுக்கு முன்னால் நடப்பது என்றால் என்னவென்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

"கொஞ்சம் நிதானமா போ தாயி," என்றார் கிடங்குக்காரர் வார்சோ, இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "வழி காட்ட வந்தியா, எங்களைத் துரத்த வந்தியா?"

உச்சியில் மேகம் காலுக்குக் கீழே கிடந்தது. எதிரே மெர்பாபு மலை, அந்தப் பக்கம் சும்பிங். எல்லோரும் ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரெத்னோ மட்டும் கடையில் வாங்கிய சூடான தெம்பே என்ற சோயாப் பொரியலைக் கையில் வைத்துக்கொண்டு, மலைகளுக்கு முதுகைக் காட்டி, ஏறி வரும் பாதையையே பார்த்து நின்றாள். ஒருவழியாக இருவரும் வந்தார்கள். லிந்தாங்கின் சிவப்புப் பை தனாங்கின் மார்பில் தொங்கியது.

"யப்பா, உயிரோட வந்துட்டேன்! மாஸ் மட்டும் இல்லேன்னா என்னைப் பாதி வழியிலயே புதைச்சிருக்கணும் அக்கா," என்றாள் லிந்தாங்.

மாஸாம், மாஸ்! அந்த ஊரில் அண்ணன் வயசுக்காரன் எவனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கட்டிக்கொள்ளப் போகிறவனையும் அப்படித்தான். ரெத்னோவால் அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"அப்படி என்ன கதை? சிரிப்பு மேல வரைக்கும் கேட்டுச்சே," என்று தனாங்கிடம் கேட்டாள்.

"கதையெல்லாம் ஒண்ணுமில்ல. மலை எங்கயும் ஓடிப்போயிடாதுன்னு சொன்னேன். அதுக்குப் போய் விழுந்து விழுந்து சிரிக்குது அந்தப் பொண்ணு."

ரெத்னோ கையிலிருந்த தெம்பேயை அப்படியே வார்சோவிடம் நீட்டிவிட்டாள்.

இறங்கும் நேரம் வந்ததும் ரெத்னோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "வலிக்குது மாஸ். நான் கடைசியா உங்களோடயே வர்றேன்."

தனாங் பதறிப்போய் அவள் பையை வாங்கிக்கொண்டான். அவளுக்கு உள்ளூர இனித்தது.

"அப்ப முன்னால யாரு போறது?" என்றார் வார்சோ.

"நான் போறேன்," என்றாள் லிந்தாங். "ஏறத்தான் எனக்கு வராது. இறங்கறதுன்னா ஆட்டுக்குட்டி மாதிரி ஓடுவேன். விசிலைக் குடுங்கக்கா."

என்ன சொல்லி மறுப்பது? ரெத்னோ தன் கழுத்திலிருந்த விசிலைத் தன் கையாலேயே கழற்றிக் கொடுத்தாள்.

பாதையில் நொண்டி நொண்டி இறங்கினாள். பின்னால் தனாங். "பாத்து, கல்லு" என்பான். அவ்வளவுதான். மெதுவா வா என்பான் என்று காத்திருந்தாள். சொல்லவில்லை.

கீழேயிருந்து விசில் வந்தது. வெறும் விசில் இல்லை. முடிவில் குறும்பாகக் குட்டி இழுப்பு ஒன்று. அவள் முதுகுக்குப் பின்னால் பதில் கிளம்பியது. அதிலும் அதே இழுப்பு.

"சரியான வாலு," என்று தனாங் தனக்குள் சொல்லிக்கொண்டான்.

அடுத்த திருப்பத்தில் ரெத்னோ திரும்பிப் பார்த்தாள். கீழே இன்னும் யாரும் ஊதவில்லை. அவன் அதற்குள் விசிலை உதட்டில் வைத்துக்கொண்டு, மூடுபனிக்குள் காதைக் கொடுத்து நின்றிருந்தான்.

அவள் நொண்டுவதை விட்டாள். இரண்டு காலையும் நேராக ஊன்றி, அவன் கண்ணுக்கு முன்னாலேயே விடுவிடுவென்று இறங்கினாள். அவன் கவனிக்கவில்லை.