முதலாளிக்கு இடப்பக்கம்

பழைய பத்திரிகைப் படங்களுக்கும் நவீன ஓவியத்துக்கும் உள்ள உறவைக் காட்டுகிறேன் என்று மூன்று கூடம் நிறையப் படம் மாட்டியிருந்தாள் கண்காட்சிப் பொறுப்பாளர். ஒன்றுக்கு மட்டும் தனிச்சுவர். எரிந்துபோன நூற்பாலை வாசலில் முதலாளி நிற்கிறார். அவருக்கு இருபுறமும் வெறும் வெள்ளை. அந்தக் காலப் பத்திரிகை அலுவலகங்களில் வேண்டாததை எல்லாம் படத்தின் மேலேயே வெள்ளை பூசி மறைப்பார்கள். அச்சில் ஆள் எடுப்பாகத் தெரியும். பூச்சோடு கிடைத்த பிரதிதான் அது. அந்த வெள்ளையைப் பற்றி அவள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருந்தாள். வெறுமையாம், மௌனமாம். படித்தவர்களும் பூம்பூம் மாடாகத் தலையாட்டினார்கள். தெருவெல்லாம் சுவரொட்டியும் அதே படம்தான்.

சுவரொட்டியைப் பார்த்துவிட்டு ஒரு தையல்காரம்மா வந்தாள். எழுபதைத் தாண்டிய வயது. படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றவள், பொறுப்பாளரைக் கூப்பிட்டு வெள்ளையைக் காட்டினாள்.

"இந்த எடத்துல எங்கம்மா இருக்காங்க."

பொறுப்பாளருக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஆலை எரிஞ்ச மறுநாள், கதவை ஏன் வெளிய பூட்டினீங்கன்னு கேக்கப் போனவங்கள்ல எங்கம்மாவும் ஒருத்தி. முதலாளிக்கு இடப்பக்கம் நின்னாங்கன்னு சித்தி சாகற வரைக்கும் சொல்லிட்டே இருந்தா. பேப்பர்ல வந்தப்போ அவரு மட்டும்தான் இருந்தாராம். தீயில குடிச்ச புகை அந்த மாசமே எங்கம்மாவக் கொண்டுபோயிடுச்சு. நான் கைக்குழந்தை. வேற படம் கிடையாது. முகம் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. ஈரத்துணி வச்சுத் தொடைச்சா வந்துடாதாம்மா?"

"ஐயையோ, தொட்டுடாதீங்க! அந்தப் பூச்சுதான் இந்தப் படமே!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. முகம் சுண்டிவிட்டது. கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்கள். அவள் வெள்ளையைக் கண்டாள், ஆட்களைக் காணவில்லை. அவமானமாக இருந்தது. துடைக்க அவளுக்கு அதிகாரமும் கிடையாது. ஆனால் பின்னாலிருந்து வெளிச்சம் விட்டுப் பார்க்கலாமே என்று தோன்றியது. படத்தைக் கழற்றிக்கொண்டு தையல்காரம்மாவை உள்ளறைக்கு அழைத்துப் போனாள். சட்டத்தைப் பிரித்து, படத்தை விளக்குப் பலகையின் மேல் பதமாக வைத்து, விளக்கைப் போட்டாள்.

பூச்சு மெல்லியதுதான். அதற்குள்ளிருந்து உருவங்கள் மங்கலாக எழுந்து வந்தன. முதலாளிக்கு இடப்பக்கம் ஒருத்தி இல்லை, மூன்று பேர். ஒருத்தி முதலாளியை முறைத்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி கண்ணை மூடியிருந்தாள். மூன்றாமவள் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். மூவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

தையல்காரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்தாள்.

"பக்கத்துல நின்னாங்கன்னுதானே சித்தி சொன்னா. மூணு பேருன்னு சொல்லலியே." பிறகு தன் முகத்தைப் படத்தின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். "நீ படம் பாக்கவே படிச்ச பொண்ணு. நல்லாப் பாத்துச் சொல்லு. இதுல யாரு என்னைப் பெத்தவ?"

பொறுப்பாளர் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள், அந்தக் கிழமுகத்தின் சுருக்கங்களை மனசுக்குள் நீவி விட்டும் பார்த்தாள். சும்மா ஒரு விரலை நீட்டினால் போதும், எழுபது வயதில் ஒருத்திக்குத் தாய் கிடைத்துவிடுவாள். பொய் நாக்கு நுனி வரை வந்தது. அந்த முகத்துக்கு முன்னால் சொல்ல மனசு வரவில்லை.

"தெரியலம்மா. சத்தியமாத் தெரியல."

தையல்காரம்மா நிமிரவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். பொறுப்பாளர் அவள் பக்கத்தில் குனிந்தாள்.

"உங்க மனசுக்கு யாருன்னு படுதோ சொல்லுங்கம்மா. அவங்கள மட்டும் பெரிசாக்கித் தரேன்."

"வேணாம். மூணு பேரையும் சேத்தே குடு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒருத்திய மட்டும் எடுத்துக்கிட்டா, மத்த ரெண்டு பேரு மேலயும் நான் வெள்ளை பூசுன மாதிரிதானே?"

பொறுப்பாளர் கைப்பேசியை எடுத்தாள். மூன்று பேரும் அடங்கும் வரை பின்னால் நகர்ந்தாள்.